நோட்டீஸில் எழுதாத வரியைப் படிப்பது எப்படி?

குலசேகரம் பக்கமிருந்து வரும் பஸ் நாகர்கோவிலுக்குள் நுழைகிறது. இங்கே சுள்ளென்று வெயில். ஆனால் பஸ் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஷட்டர் எல்லாம் இறக்கிக் கிடக்கிறது, இறங்குகிற அக்கா கையில் நனைந்த குடை. மேற்கே நல்ல மழை என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் பட்டது மூன்று விஷயம். அதோடு, மலையோரம் கொட்டும்போது கிழக்கே ஆரல்வாய்மொழியில் வெறும் காற்று மட்டும் அடிக்கிற ஊர் இது என்று நீங்கள் முன்பே தெரிந்து வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்தீர்கள். இதற்குப் பெயர்தான் அனுமானம். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் கைகாட்ட ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை ஊகம் என்று சொல்லிவிடுவது நேர்மை.

பஸ்ஸைப் பார்த்து இவ்வளவு சரியாக யோசிக்கிற நாம், அச்சடித்த ஒரு தாளைக் கையில் எடுத்தவுடன் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுகிறோம். பிடித்த ஆள் எழுதியது என்றால் அப்படியே விழுங்குவது, பிடிக்காத ஆள் என்றால் இரண்டாவது வரியிலேயே தூக்கிப் போடுவது. எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கூடி வாசிக்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், பிளஸ் டூ பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேர். கட்டுரை, தலையங்கம், துண்டு நோட்டீஸ், போனில் வரும் செய்தி, எது கிடைத்தாலும் பிரித்துப் பார்ப்போம். அங்கே செய்து செய்து பழகிய முறையைத்தான், இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நோட்டும் பென்சிலும் போதும்.

தொடங்கும் முன் ஒரு சின்னப் பயிற்சி. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இது உண்மை. "ஆகவே குமரிக்காரர்களை யாரும் எழுதி ஏமாற்ற முடியாது" என்று ஒருவர் இதன் பின்னால் ஒரு வரி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்றால் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து வாசிக்கவும் எழுதவும் முடிகிறதா என்பதுதான். ஒரு வாதத்தை எடைபோடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஆண்டையும் பாருங்கள், 2011. எண் சரி, எண்ணிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுவதுதான் நாம் செய்யப் போகிற வேலை முழுவதும்.

முதல் வேலை: முழுவதும் படித்து, ஒரு வாக்கியம் எழுதுங்கள்

முதல் தடவை பென்சிலைத் தொடாதீர்கள். கோபம் வந்தாலும் சரி, கைதட்டத் தோன்றினாலும் சரி, கடைசி வரி வரைக்கும் போங்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இவர் என்னை என்ன நம்பச் சொல்கிறார், அல்லது என்ன செய்யச் சொல்கிறார் என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். எழுதியவரே அதைப் படித்தால் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கிண்டலாகவோ கூட்டிக் குறைத்தோ எழுதினால் அடுத்த வேலைகள் எல்லாம் கோணலாகிவிடும். வாக்கியம் வரவில்லையா, இன்னொரு தடவை படியுங்கள்.

இரண்டாவது: அடுக்களைக் கணக்கு

வாதத்தைப் பிரிக்க வெளியூர்ச் சூத்திரம் எதுவும் வேண்டாம், நம் மொழியிலேயே நல்லது இருக்கிறது. மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிலைநாட்ட வந்த கருத்து. ஏனென்றால் புகை இருக்கிறது என்பது ஏது, காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்திக் காட்டுவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம். நாம் இன்றைக்கும் வீட்டில் அடுக்களை என்றுதான் சொல்கிறோம், அதனால் இந்த உதாரணம் நம் பிள்ளைகளுக்கு ஒரே தடவையில் பிடித்துப்போகிறது.

பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு நோட்டீஸ் இது, எந்த ஊரிலும் யாரும் அச்சடித்ததில்லை (நாஞ்சில் நாடு என்பது எங்கள் மாவட்டத்தின் நெல் வயல் பகுதி):

"நாஞ்சில் நாட்டில் இனி நெல் எடுபடாது. நடவுக்கு ஆள் இல்லை, உரம் விலை ஏறிவிட்டது. பக்கத்து ஊரில் வயலை மண் போட்டு நிரப்பி வாழை வைத்த ஒருவர் இன்று கார் வாங்கியிருக்கிறார். வயலைக் கட்டிக்கொண்டு அழுவதை விட்டுவிட்டு, பிள்ளைகளின் படிப்பை நினைக்கும் பொறுப்பான தகப்பன் என்ன செய்வான்?"

கருத்து முதல் வரியில் இருப்பதுபோலத் தெரியும். பொறுங்கள். நெல் எடுபடாது என்பது உண்மையில் காரணம்தான். கருத்து நோட்டீஸில் எழுதவே படவில்லை: வயலை நிரப்புங்கள். அதைக் கேள்வியாக்கி, பதிலை நம் வாயிலிருந்தே வரவைக்கிறார்கள். நாமே சொன்ன பதிலை நாமே எப்படி மறுப்பது? அதுதான் அந்தக் கேள்வியின் பலம். ஒரு தாள் கேள்வியோடு முடிந்தால், அந்தக் கேள்விக்குப் பதிலை எழுதிவைத்து அதைத்தான் கருத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எடுத்துக்காட்டு. ஒருவர் கார் வாங்கினார். வாழையால் வாங்கினாரா, மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கினாரா, கடனா? நோட்டீஸ் எங்குமே "வாழை விற்ற பணத்தில்" என்று சொல்லவில்லை, திரும்பிப் போய்ப் பாருங்கள். இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், நடுவில் பாலம் போட்டது நாம்தான். அடுக்களையில் நெருப்பும் புகையும் சேர்ந்து இருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், அதனால் அது நல்ல எடுத்துக்காட்டு. வாழையும் காரும் அப்படிச் சேர்ந்து இருப்பதை எத்தனை வீட்டில் பார்த்தீர்கள்? மணிமேகலையின் அதே காதை பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வாதத்தின் பிழைகளையும் வகைப்படுத்திச் சொல்கிறது. இது மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம்.

இவ்வளவு சொன்னதால் நோட்டீஸில் எல்லாமே பொய் என்று ஆகிவிடாது. நடவுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதை, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் பயிரிட்ட எந்த வீட்டிலும் கேட்கலாம். உண்மையான காரணத்தோடு பொருந்தாத எடுத்துக்காட்டைக் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் எழுதிவையுங்கள்.

மூன்றாவது: மூன்று பத்தி

நோட்டுப் பக்கத்தை நீளவாக்கில் மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதலாவது, எழுதியிருப்பது. இரண்டாவது, எழுதாமல் புரியவைப்பது. மூன்றாவது, நான் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது பத்தியில் எதை எழுதினாலும் அதை எந்தச் சொல் சொன்னது என்று முதல் பத்தியைப் பார்த்து ஒரு கோடு இழுக்க முடிய வேண்டும். இழுக்க முடியவில்லையா, அது மூன்றாவது பத்திக்குப் போகும்.

மேலே உள்ள நோட்டீஸையே எடுங்கள். "பொறுப்பான தகப்பன்" என்று எழுதியிருக்கிறது. நிரப்பாதவன் பொறுப்பில்லாதவன் என்பது எழுதாமல் புரியவைப்பது, கோடு இழுக்கலாம். "இதை மனை வியாபாரி யாரோதான் அடித்திருப்பார்கள்" என்று எங்கள் குழுவில் ஒரு பையன் உடனே சொன்னான். எந்தச் சொல் சொன்னது என்று கேட்டேன். காட்ட முடியவில்லை. அவன் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், இந்தத் தாளிலிருந்து அது கிடைக்காது, ஆகவே மூன்றாவது பத்தி. அவனுக்கு அன்றைக்கு வருத்தம்தான். ஆனால் தேர்வில் "உரைப்பகுதியிலிருந்து உய்த்துணரக்கூடியது எது" என்று நான்கு விடை கொடுத்துக் கேட்கும்போது, மூன்றாவது பத்திச் சரக்கு ஒன்றைத்தான் அழகாக அலங்கரித்து நடுவில் வைத்திருப்பார்கள். நமக்குத் தெரிந்த உண்மையாக அது இருப்பதால் கை தானாக அங்கே போகும்.

நான்காவது: குட்டிச் சொற்களில் கண் வையுங்கள்

இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் தமிழில் எழுதாத செய்தியில் பாதி சின்னச் சின்ன இடைச்சொற்களில்தான் ஒளிந்திருக்கிறது. எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் எச்ச உம்மை, பிரிநிலை ஏகாரம் என்று மனப்பாடம் செய்தோமே, அதெல்லாம் வாசிப்பதற்கான கருவி என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"தலைவரும் வந்தார்" என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். அந்த "உம்" அதைச் சொல்லிவிடுகிறது, பெயர் சொல்லாமலே. "இந்த ஊராட்சியிலும் ஊழல்" என்று தலைப்பு வந்தால், மற்ற ஊராட்சிகளில் ஊழல் என்பதை நீங்கள் விவாதிக்காமலே ஒத்துக்கொண்டு உள்ளே போகிறீர்கள். "குழந்தைக்கும் தெரியும்" என்றால், தெரியாது என்று சொல்கிறவன் குழந்தையைவிட மோசம். "நாங்கள்தான் செய்தோம்" என்றால் வேறு யாரும் செய்யவில்லை. "கூட" இருந்தால் எதிர்பாராத ஒன்று நடந்ததாக அர்த்தம். எதிர்பாராதது என்று தீர்மானித்தது யார்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, செய்தவரை மறைக்கிற சொற்கள். "கருதப்படுகிறது", "கூறப்படுகிறது", "என்பது அனைவரும் அறிந்ததே", "வல்லுநர்கள் சொல்கிறார்கள்". ஒவ்வொன்றின் அடியிலும் கோடு போட்டு, யார் என்று பக்கத்தில் எழுதுங்கள். கட்டுரைக்குள்ளேயே பதில் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும். "தானே?", "அல்லவா?" என்று முடிகிற வாக்கியத்தில் அந்த வாலை வெட்டிவிட்டு நேர்வாக்கியமாக மாற்றிப் படியுங்கள். தனியாக நிற்க முடியாத வாக்கியங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

சுற்றுலா நோட்டீஸ்களில் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பறளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில், 1966இல் கட்டியது. இந்த விவரத்தோடு "ஆசியாவிலேயே உயரமான" என்று ஒருவர் எழுதுவார், "ஆசியாவின் உயரமான தொட்டிப்பாலங்களுள் ஒன்று" என்று இன்னொருவர் எழுதுவார். முதலாவது, ஆசியா முழுவதையும் அளந்து பார்த்தால்தான் சொல்லக்கூடிய வாக்கியம். இரண்டாவதைச் சொல்ல அவ்வளவு வேண்டாம். இரண்டும் ஒன்று என்று நினைத்துப் படிக்கிற பழக்கம் போய்விட்டாலே பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

ஐந்தாவது: சரிபார்க்க இடம் கொடுத்திருக்கிறதா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப் போன அடுத்த வாரம், இன்றைக்கு ராத்திரி கடல் மறுபடி ஏறும், ஒரு விஞ்ஞானி சொல்லியிருக்கிறார், உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கடற்கரை ஊரில் இருக்கும் என் சித்திக்கு நான் அதை அனுப்பினேன். அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராத்திரி முழுவதும் கோயில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்தவள் அவள், பயப்படாமல் எப்படி இருப்பாள்? கடல் ஏறவில்லை. எனக்கு அதைவிட வலித்தது பிறகு நடந்தது. நிஜமான எச்சரிக்கை ஒன்று வந்தபோது நான் போன் செய்து சொன்னேன், அவள் கேட்டாள்: "இதுவும் அது மாதிரிதானா மக்களே?" அந்த "உம்" என்னால் வந்தது.

அன்றைக்கு நான் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் போதும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமலே திடீரென்று ஏறும் அலை) எச்சரிக்கை விடும்போது எப்படி இருக்கும் என்று பாருங்கள். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்று கரையின் பெயர் இருக்கும், எந்தத் தேதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இருக்கும், அலை எத்தனை மீட்டர் என்று இருக்கும். தப்பாக இருந்தால் தப்பு என்று நாமே பிடித்துவிடலாம், அந்த அளவுக்குத் தன்னைத் திறந்து வைத்திருக்கும். எனக்கு வந்த செய்தியில் பெயர் இல்லை, தேதி இல்லை ("இன்றைக்கு" என்றால் எந்த இன்றைக்கு?), இடம் இல்லை. இருந்தது அவசரம் மட்டும். ஆகவே சான்று என்று எது வந்தாலும் யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்று நான்கு சின்னக் கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். நான்கும் காலியாக இருக்கும்போது "உடனே" என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்தால், அதை உங்களோடு நிறுத்திவிடுங்கள்.

உணர்ச்சியைத் தொட்டு எழுதுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. கடலில் போனவர்கள் திரும்பாத வீட்டைப் பற்றி உணர்ச்சி இல்லாமல் எழுதினால்தான் தப்பு. உணர்ச்சி, காரணத்தோடு சேர்ந்து வருகிறதா, காரணம் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. சூடான சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒருமுறை படியுங்கள். மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

ஆறாவது: அளவுகோல் மாறுகிறதா?

இது கொஞ்சம் கடினம், முதல் மாதத்திலேயே வராது. மெதுவாகப் பழகலாம்.

நம் மாவட்டம் பிறந்த கதையையே எடுக்கலாம். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் கொடுத்த அறிக்கையில், அன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் என்பது முக்கியமான காரணம். தேவிகுளத்திலும் அன்றைக்குத் தமிழ் பேசுகிறவர்கள்தான் அதிகம், பீர்மேட்டிலும் நிறைய பேர் இருந்தார்கள். ஆனால் அங்கே இருப்பவர்களில் நிறைய பேர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், அந்த மலைப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு முக்கியம் என்று சொல்லி, அவற்றைக் கேரளத்தோடு விட்டது. 1956 நவம்பர் 1இல் நாம் இந்தப் பக்கம் வந்தோம், அவை அந்தப் பக்கம் போயின.

இப்போது மூன்று பத்தியைப் போடுங்கள். நம் தாலுகாக்களிலும் தேவிகுளத்திலும் மொழிப் பெரும்பான்மை ஒன்றுதான், முடிவு வேறு. அப்படியென்றால் மொழி மட்டும் அளவுகோல் இல்லை. "நிலையாக வாழ்கிற" மக்களின் மொழி, அதற்குமேல் பொருளாதாரம் என்று இன்னும் இரண்டு அளவுகோல் உள்ளே வேலை செய்கின்றன. சரி, அதே பொருளாதார அளவுகோலை நாஞ்சில் நாட்டுக்கும் வைத்தால்? திருவிதாங்கூருக்கு அரிசி கொடுத்த இடம் இதுதானே. இங்கே அது ஏன் மொழியை மிஞ்சவில்லை? ஆணையத்தின் முடிவு சரியா தப்பா என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரு இடத்தில் பயன்படுத்திய அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் மறு இடத்தில் வைத்துப் பார்க்கிற இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், எவ்வளவு பெரிய அறிக்கையும் உங்களை மிரட்டாது. இதைப் பேசும்போது எங்கள் குழுவில் பெரியவர்கள் இருவரின் குரல் உயர்ந்துவிடும், பிள்ளைகள் சாயா வாங்கி வந்து கொடுத்துச் சமாதானம் செய்வார்கள். உயரட்டும், தங்கள் மண்ணைப் பற்றிய விஷயம்.

ஏழாவது: உங்கள் பக்கத்து வாதத்தை எடுங்கள்

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். பிடிக்காத கட்டுரையில் பத்து ஓட்டை கண்டுபிடிப்பவர், பிடித்த கட்டுரையில் ஒன்றுகூடக் காண மாட்டார். அதனால் வாரத்துக்கு ஒன்றாவது நீங்கள் மனதார ஒத்துக்கொள்கிற எழுத்தாக இருக்கட்டும். எனக்கு வயல் நிரப்புவது அறவே பிடிக்காது. பாசனச் சானலில் தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஆகவே என் பக்கத்துக்கு நானே எழுதிய நோட்டீஸைத் தருகிறேன், தயவு பார்க்காமல் பிரித்துப் போடுங்கள்:

"வயலை நிரப்பியதால்தான் நம் ஊர்க் கிணறு வற்றியது. முன்பெல்லாம் சித்திரை வெயிலிலும் வாளி முங்கத் தண்ணீர் கிடந்தது. மண்ணை நேசிக்கிற யாரும் வயலை விற்க மாட்டார்கள். நெல்லை இழந்த ஊர் தன் நாக்கையும் இழந்துவிடும்."

தொடக்கத்துக்கு ஒன்றை நானே பிரித்துத் தருகிறேன். "நிரப்பியதால்தான்" என்ற சொல்லில் உள்ள "தான்" வேறு எல்லாக் காரணங்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. தெரு முழுக்கப் போட்ட போர்வெல், தூர்ந்துபோன குளம், மழை குறைந்த வருஷம், எதுவும் உள்ளே வர முடியாது. "தானை" எடுத்துவிட்டு "வயலை நிரப்பியதாலும்" என்று எழுதினால் வாதம் கொஞ்சம் பலவீனமாகத் தெரியும், ஆனால் நிற்கும். எனக்கு அந்த மாற்றத்தைச் செய்ய மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதனால்தான் உங்களிடம் தருகிறேன்.

மீதி உங்களுடையது. கருத்து எது, காரணம் எது, எடுத்துக்காட்டு எது என்று எழுதுங்கள், மூன்று பத்தி போடுங்கள், நான்கு கட்டத்தை நிரப்பப் பாருங்கள். அந்த நான்கு வரியில் இடைச்சொல்லாக மூன்று "உம்" இருக்கின்றன ("இழந்துவிடும்" என்பதில் வருவது வினையின் விகுதி, அதைச் சேர்க்காதீர்கள்). மூன்றும் மூன்று வேறு வேலை செய்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.